பிள்ளைகளின் உதைபந்தாட்டம்: பெற்றோர் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டிய சில சொற்கள்

யாழ்ப்பாணத்துக்கு உதைபந்தாட்டம் புதிதல்ல. குருநகர், நாவாந்துறை, பாசையூர், அரியாலை, இளவாலை என ஊருக்கு ஊர் கழகங்களும் அவற்றுக்காக உயிரைக் கொடுக்கும் இரசிகர்களும் உண்டு. ஆனால் பின்நேரப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரில் கணிசமானோர் இந்த விளையாட்டோடு முன்பழக்கம் இல்லாதவர்கள். சிறுவர் அணிகளைப் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் நான் தொடர்ந்து காண்பது இதுதான்: அணியின் ஒழுங்கமைப்பைக் குறிக்கும் சொற்களைப் பெற்றோர் தங்கள் பிள்ளையின் திறமைக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மனத்தாங்கல் இரவு வீட்டில் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது.

முதலில் வயதுப் பிரிவு. "12 வயதுக்குட்பட்டோர்" என்றால், போட்டியை நடத்துபவர்கள் குறித்த ஒரு திகதியில் பிள்ளைக்கு 12 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பதே பொதுவான பொருள். அந்தத் திகதி போட்டிக்குப் போட்டி மாறக்கூடும் என்பதால், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு விதிமுறைத் தாளைப் பார்ப்பதே சரி. அத்திகதி ஜனவரி 1 எனில், அந்த மாதத்தில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசெம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில், ஏறத்தாழ ஒரு வயது இடைவெளியோடு மோத வேண்டியிருக்கும். பத்து, பதினொரு வயதில் அந்த இடைவெளி உயரத்திலும் ஓட்டத்திலும் அப்பட்டமாகத் தெரியும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே சிறுவர் அணிகளுக்குக் கூடுதலாகத் தெரிவாகிறார்கள் என்பது பல நாடுகளில் அவதானிக்கப்பட்ட விடயம். ஆகவே உங்கள் பிள்ளை இந்த ஆண்டு அணியில் இடம்பெறாததற்குத் திறமைக் குறைவைவிடப் பிறந்த மாதமே பெரிய காரணமாக இருக்கலாம். இதற்குப் பரிகாரமாக வயதைக் குறைத்துக் காட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்தைப் பறிப்பது.

அணிக்கு ஐந்து பேர், ஏழு பேர், ஒன்பது பேர் என்று நடப்பவையும் முழுமையான உதைபந்தாட்டம்தான். சிறிய மைதானத்தில் ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். பந்தும் அப்படியே: பெரியவர்களின் ஐந்தாம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம் நிறையுடையது, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் இலக்கமே பொருத்தம். "வளருற பிள்ளைதானே" என்று பெரிய பந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, ஆடும் இடம். "என்ர பெடியன் கோல் அடிக்கிறவன் சேர், ஏன் அவனைப் பின்னுக்கு நிப்பாட்டுறியள்?" என்று தகப்பன்மார் கேட்பதுண்டு. முன்கள வீரர் உயர்ந்தவர், பின்கள வீரர் தாழ்ந்தவர் என்ற வரிசை இந்த விளையாட்டில் இல்லை. இந்த வயதில் பிள்ளைகளை நாங்கள் வேண்டுமென்றே இடம் மாற்றுகிறோம். பின்களத்தில் நிற்கும்போதுதான் முழு மைதானமும் கண்ணுக்குள் வரும், நெருக்கடியில் பந்தை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவும் பழகும். கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி" என்று கத்தும்போது என்ன நடக்கிறதென்று ஒருமுறை பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பந்து காலில் இருக்கும், இடப்பக்கம் தோழன் தனியாக நிற்பான், பிள்ளையோ தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் எதிரணி பந்தைப் பறித்துவிடும். மாற்று வீரராக வெளியே இருத்துவதும் அவ்வாறே தண்டனையல்ல. சிறுவர் போட்டிகள் பலவற்றில் வெளியேறிய பிள்ளை மீண்டும் உள்ளே வர விதி இடமளிக்கிறது.

மைதான ஓரத்தில் அதிகச் சண்டைக்குக் காரணமாவது ஓஃப்சைட். சக வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், மைதானத்தில் எதிரணியின் பாதிக்குள், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டிக் கோல் எல்லைக்கு அருகில் நிற்பவர் ஓஃப்சைட் நிலையில் இருக்கிறார். அந்தக் கடைசி இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல் காப்பாளர். கைகள் கணக்கில் இல்லை. நேர்வரிசையில் நின்றால் ஓஃப்சைட் இல்லை. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. அங்கிருந்து பந்தை ஆடினாலோ எதிராளிக்கு இடையூறு செய்தாலோ அதனால் நன்மை பெற்றாலோதான் குற்றம். எல்லையெறிதல், மூலை உதை, கோல் உதை ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெற்றால் ஓஃப்சைட் கிடையாது. பந்து வந்து சேரும்போது பிள்ளை எங்கே நிற்கிறது என்பதையே பெற்றோர் பார்க்கிறார்கள். மத்தியஸ்தர் பார்ப்பது உதைத்த கணத்தை. அதேபோல் உங்கள் பிள்ளை இடறி விழுந்தும் விசில் ஊதப்படாவிட்டால் மத்தியஸ்தரின் கைகளைக் கவனியுங்கள். அவர் கையை முன்னே நீட்டினால், பந்து உங்கள் அணியிடமே இருப்பதால் ஆட்டத்தைத் தொடர விட்டிருக்கிறார் என்று பொருள். எதிர்பார்த்த நன்மை ஓரிரு விநாடிகளில் கிடைக்காவிட்டால் பழைய குற்றத்துக்கே ஊதுவார்.

தலையால் பந்தை அடிக்கும் "ஹெட்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இதை நிறுத்தும் முடிவை அறிவித்தது. 2020இல் இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலை வயதினருக்கான பயிற்சியிலிருந்து இது விலக்கப்பட்டது. நானும் சிறியவர்களுக்கு இதைப் பழக்குவதில்லை. தலையில் அடிபட்டால், மயங்கவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். மூளையதிர்வு ஏற்படும் பெரும்பாலானோர் மயங்கி விழுவதில்லை. தலையிடி, மங்கலான பார்வை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியென்றாலும் அப்படித்தான். வாந்தி தொடர்ந்தாலோ, தலையிடி கூடினாலோ, அசாதாரணத் தூக்கம் வந்தாலோ நேரே வைத்தியசாலைக்கு. வைத்தியர் சம்மதித்த பின்னரே மீண்டும் பயிற்சி.

கடைசியாக, இப்போது எனக்கு மிகவும் கவலை தருபவை "ட்ரயல்", "ட்ரான்ஸ்பர்" என்ற இரு சொற்கள். ட்ரயல் என்பது பிள்ளையின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கான வாய்ப்பு மட்டுமே. அதற்குப் போனதால் ஒப்பந்தமோ அணியில் இடமோ கிடைத்துவிட்டதாகாது. வெளிநாட்டு மோகமும் அங்கேயே உறவினர்களும் உள்ள எங்கள் சமூகத்தில், ஐரோப்பியக் கழகமொன்றில் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறோம் என்று பணம் கேட்பவரை நம்புவது எளிது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் விதியோ, 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றும் ட்ரான்ஸ்பரைப் பொதுவாகத் தடைசெய்கிறது. உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. எனவே கடவுச்சீட்டையோ பணத்தையோ எவரிடமும் கையளிக்கும் முன்னர், அழைத்ததாகச் சொல்லப்படும் கழகத்தின் எழுத்துமூலக் கடிதத்தைக் கேளுங்கள். அதை உங்கள் லீக்கின் செயலாளரிடம் காட்டுங்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், அந்தக் கழகத்தின் தொடர்பை நீங்களே தேடியெடுத்து, இப்படியொரு பிள்ளையை அழைத்தார்களா என்று நேரடியாக விசாரியுங்கள்.