சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை

ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேரளப் பக்கத்துத் தென்மலையிலிருந்து ஓர் அம்மா மகளோடு கடைக்கு வந்தார். பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை தைக்க வேண்டும். பையிலிருந்து எடுத்த துணி பளபளவென்று வழுக்கிக்கொண்டு மேசையில் விழுந்தது. "சாட்டின் சில்க்காணு சேட்டா" என்றார். வாங்கிய விலையைச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பட்டுக்கு அது ரொம்பக் குறைவு, மற்றதற்கு ரொம்ப அதிகம்.

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். தீ பக்கத்தில் வரும்போதே நூல் சுருண்டு பின்வாங்கியது. பிறகு உருகிக் கறுப்பாக ஒரு சொட்டு நின்றது. ஆறிய பிறகு நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், மணி மாதிரி கெட்டியாக இருந்தது. பாலியெஸ்டர். பட்டு நூலாக இருந்தால் முடி கருகும் வாடை வந்திருக்கும், நசுக்கினால் பொடியாகியிருக்கும்.

"அப்போ இது சாட்டின் இல்லையா?" என்று கேட்டார். சாட்டின்தான். கடைக்காரர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். சாட்டின் என்பது நெசவின் பெயர். நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே போகும் நாலைந்து ஊடை நூல்களின் மேல் மிதந்துபோய், அப்புறம் ஒன்றின் அடியில் நுழையும். மேலே நூல் நீளமாகக் கிடப்பதால் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அந்த நூல் பட்டாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஜார்ஜெட்டும் கிரேப்பும் அப்படித்தான். முறுக்கு ஏற்றிய நூலில் நெய்த துணிகளின் பெயர்கள் அவை. ஷிஃபான், வெல்வெட் எல்லாம் இதே கதைதான். ஒரு காலத்தில் இவற்றைப் பட்டில் நெய்தார்கள். அந்தப் பெயரின் மரியாதையை வைத்துக்கொண்டு இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர்.

செங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 1956-ல்தான் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் துணிமணி வியாபாரத்துக்கு எல்லைக்கோடு இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்கள் புளியரை வழியாக இங்கே வந்து துணி எடுக்கிறார்கள், எங்கள் ஆட்கள் அங்கே போய் ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டு எடுத்து வருகிறார்கள். இரண்டு பக்கத்திலும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். துணியின் பெயரைக் கேட்கிறோம், நூல் என்ன என்று கேட்பதில்லை. கசவிலேயே பாருங்கள். கரையில் மின்னுவதெல்லாம் வெள்ளி ஜரிகை இல்லை. உலோகப் பூச்சு பூசிய பாலியெஸ்டர் படலத்தை இழையாக அறுத்து நெய்ததும் கரையில் நன்றாகவே மின்னும். விலை குறைவு என்று தெரிந்து வாங்கினால் அதில் தப்பே இல்லை.

சரி, நூல் விஷயத்துக்கு வருவோம். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக், ஸ்பான்டெக்ஸ் நான்கும் பெட்ரோலியத்தில் கிடைக்கும் வேதிப்பொருள்களிலிருந்து செய்வது. நைலானை 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழைக்குக் காப்புரிமை கேட்டார்கள். டெரிலின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் அப்பாக்கள் மாப்பிள்ளைச் சட்டைக்குத் தேடி அலைந்த டெரிலினும் டெரிகாட்டனும் அந்த வழியில் வந்தவைதான். சுற்றுலாக் கடைகளில் கம்பளி என்று விற்கும் ஸ்வெட்டரில் பல அக்ரிலிக். லெக்கின்ஸில் இழுபடுவது ஸ்பான்டெக்ஸ். அதற்குச் சூடான அயர்ன்பாக்ஸும் ஆகாது, குளோரின் பிளீச்சும் ஆகாது.

ரேயான் தனிக்கதை. அதையும் பிளாஸ்டிக் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது மரக்கூழிலிருந்து வருவது. கூழை வேதிப்பொருளில் கரைத்து, சன்னத் துளைகள் வழியாகப் பிதுக்கி இழையாக்குவார்கள். விஸ்கோஸ் என்பதும் அதுதான். இந்தியாவில் முதல் ரேயான் ஆலை வந்ததே நமக்குப் பக்கத்தில், கேரளத்துப் பெரும்பாவூரில். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் 1950-ல் நூல் எடுக்க ஆரம்பித்தது. அந்த இடத்துக்கே ரேயான்புரம் என்று பெயர். இன்றைக்கு ‘மூங்கில் துணி’ என்று கூடுதல் விலைக்கு வருவதும் பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். ரேயான் உடம்புக்கு இதம், வியர்வையைக் குடிக்கும். ஆனால் நனைந்தால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரேயான் நைட்டியைப் பிழிந்து முறுக்கிவிட்டு, "தையல் விட்டுடுச்சு அண்ணாச்சி" என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். பார்த்தால் தையல் அப்படியே இருக்கும், பக்கத்தில் துணி கிழிந்திருக்கும்.

எது எங்கே உதவும் என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான், ஈரம். சாதாரணக் காற்றில் தொங்கவிட்டாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டு சுமார் 11 கிராம், விஸ்கோஸ் அதைவிடச் சற்றுக் கூடுதல். நைலான் 4 கிராம். பாலியெஸ்டர் 0.4 கிராம், அரை கிராம்கூட வராது. வெயிலில் பாலியெஸ்டர் சட்டை முதுகில் ஒட்டுவதற்கும், சாரல் காலத்தில் அதே சட்டை ஒரு மணி நேரத்தில் காய்வதற்கும் காரணம் இந்த ஒரே எண்.

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் வரும்போது எங்கள் ஊரில் காட்டன் துணி மூன்று நாளானாலும் காயாது, முடை வாடை வரும். அப்போது நானே பாலியெஸ்டர் கலந்த சட்டைதான் போடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பில் வருவதும் இதனால்தான். இரவு துவைத்தால் காலையில் போடலாம், கசங்காது, சாயமும் சீக்கிரம் வெளுக்காது. இரண்டே ஜோடி சீருடை வைத்திருக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. இதைத் தெரியாமல் "எல்லாவற்றையும் காட்டனாக மாற்றுங்கள்" என்று எழுதுகிறவர்கள் துவைக்கிற கையைக் கேட்டுவிட்டு எழுதலாம். சீருடை இருக்கட்டும், உள்ளே போடும் பனியனும் ஜட்டியும் பருத்தியாக இருந்தால் போதும் என்பது என் கட்சி.

விளையாட்டு ஜெர்சியும் பாலியெஸ்டர்தான். இழை வியர்வையைக் குடிப்பதில்லை. இழைகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாக அதை வெளிப்பக்கம் கடத்திவிடும், அங்கே காற்றில் ஆறும். துவைக்கும்போது கடைசியில் ஊற்றுகிற வாசனைத் திரவம் அந்தச் சந்தை அடைத்துவிடும், ஜெர்சிக்கு மட்டும் அது வேண்டாம். வியர்வை வாடை பாலியெஸ்டரில் பருத்தியைவிட அதிகம் தங்கும். அதனால் கழற்றியதும் சுருட்டி மூலையில் போடாமல் அலசிவிடுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜார்ஜெட் ரவிக்கைக்குக் காட்டன் லைனிங் வைத்துத் தைத்தேன். அளவு கச்சிதம், அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம். ஒரு தடவை தண்ணீரில் போட்டு எடுத்ததும் லைனிங் சுருங்கிவிட்டது. மேலே இருந்த பாலியெஸ்டர் ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. உடம்பு முழுக்க அலை அலையாகப் புடைத்துக்கொண்டு, ரவிக்கை பழைய தலையணை உறை மாதிரி ஆகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து லைனிங் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் வெட்டுவது. சேலைக்குக் காட்டன் ஃபால்ஸ் அடித்தாலும் இதே நியாயம். உங்கள் டெய்லர் அவசரத்தில் விட்டுவிட்டால் நீங்களே நனைத்துக் கொடுங்கள். இன்னொரு வேடிக்கை, சுத்தப் பருத்திச் சட்டை என்று நீங்கள் போட்டிருப்பதிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். காட்டன் நூலில் தைத்தால் மிஷின் ஓடும் வேகத்துக்கு அறுந்துகொண்டே இருக்கும்.

அயர்ன்பாக்ஸில் இருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். துணியின் லேபிளிலும் அதே புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. நைலானுக்கும் அக்ரிலிக்குக்கும் ஒன்று, பாலியெஸ்டருக்கு இரண்டு. பாலியெஸ்டர் ஷிஃபானின் மேல் மூன்று புள்ளிச் சூட்டை வைத்தால் பெட்டியின் அடியில் துணி ஒட்டிக்கொண்டு வரும், சேலையில் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை அடுப்படிதான். இங்கே நைட்டி, அந்தப் பக்கம் மாக்ஸி, இரண்டு பக்கத்திலும் அதைப் போட்டுக்கொண்டுதான் காலைச் சமையல் நடக்கிறது. தொளதொளக் கை, மேலே ஒரு பாலியெஸ்டர் துப்பட்டா. பருத்தி தீப்பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம், அது வேகமாகவே எரியும். பாலியெஸ்டர் வேறு விதத்தில் ஆபத்தானது. தீயிலிருந்து சுருங்கி விலகும், ஆனால் சுமார் 250 டிகிரியில் உருகி, உருகியது தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். இரண்டும் கலந்த துணி இன்னும் மோசம். தனியாக இருந்தால் உருகிச் சொட்டிப் போயிருக்கும் பாலியெஸ்டரைப் பருத்தி இழை விளக்குத் திரி மாதிரி பிடித்துவைத்து எரியவிடும். கார்த்திகைத் தீபத்தன்று சின்னப் பிள்ளைகளுக்கு மின்னுகிற நெட் பாவாடையை மாட்டி, வாசல் நிறைய அகல் ஏற்றிவைக்கிறோம். என்னிடம் நெட் பாவாடை தைக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. முகம் சுளிப்பவர்களும் உண்டு, சுளிக்கட்டும்.

தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த பருத்திப் போர்வையால் மூடி அணைக்க வேண்டும். அணைந்ததும் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், சதையும் சேர்ந்து வரும். அதைச் சுற்றி உள்ள துணியை வெட்டிவிட்டு, ஒட்டியதை அப்படியே வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பேஸ்ட், மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

கார்த்திகை பிறந்தால் என் கடையில் இருமுடிப் பை தைக்கிற வேலைதான். மாலை போட்டவர்கள் வாங்குகிற கறுப்பு வேட்டியில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்தது. காட்டுப்பாதையில் வியர்வையோடு நடக்கும்போது தொடை இடுக்கு உரசிப் புண்ணாகி, திரும்பி வந்து காலை அகட்டி அகட்டி நடக்கிற சாமிகளை வருடா வருடம் பார்க்கிறேன். போதாததற்கு, பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் வகைச் சாயங்களில் சில, அடர்நீலத்திலும் கறுப்பிலும் வருபவை, சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. புது வேட்டியை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுக் கட்டுங்கள். மலையேறும் நாளுக்கு மட்டுமாவது பருத்தி இருக்கட்டும்.

வாங்கும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். தைத்த உடை என்றால் உள்பக்க லேபிளில் சதவீதம் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். வெட்டுத்துணி என்றால் கடைக்காரரிடம் நேராகவே "இதில் என்ன நூல்?" என்று கேளுங்கள். பதிலுக்கு "சில்க் மாதிரி" என்றோ "காட்டன் டைப்" என்றோ வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பட்டுச் சேலைக்கு 2004-லிருந்து சில்க் மார்க் முத்திரை உண்டு, மத்திய பட்டு வாரியம் கொண்டு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் உண்டு, ஆனால் கஞ்சி ஏற்றிய புதுப் பருத்தியும் முதலில் தண்ணீரை உருட்டிவிடும், அதை மட்டும் நம்பாதீர்கள். தீக்குச்சிச் சோதனையை வீட்டில் செய்வதானால் ஒரே ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். கடைக்குள் செய்யாதீர்கள். கலப்புத் துணியில் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியும் சேர்ந்து வரும்.

தென்மலைக்காரம்மாவின் பாவாடையை லைனிங் நனைத்துப் போட்டு அழகாகவே தைத்துக் கொடுத்தேன். பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. துணி எடுத்த கடையில் போய்க் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

வெட்டித் தள்ளும் துண்டுகளை நான் இரண்டு சாக்கில் போடுகிறேன், காட்டன் கலந்து கிடப்பது ஒன்று, வெறும் பாலியெஸ்டர் ஒன்று. பழைய நாளில் ஒரே சாக்குதான். பக்கத்து மெக்கானிக் கடைப் பையன் வாரம் ஒருமுறை வந்து எண்ணெய் துடைக்க அள்ளிக்கொண்டு போவான். இப்போதும் வருகிறான். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி, கண்ணால் பார்க்காமலே காட்டன் துண்டாக எடுத்துக்கொள்கிறான். இன்னொரு சாக்கு எண்ணெயைக் குடிக்காதாம், வழுக்குமாம். அதை யாரும் கேட்பதில்லை. மண்ணில் போட்டாலும் மட்காது என்பதால் பின்கட்டில் அடுக்கிவைத்திருக்கிறேன், எட்டுச் சாக்கு சேர்ந்துவிட்டது.