கிரவுட்சோர்சிங் கூட்டு முயற்சியா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க ஒரு துண்டறிக்கை வந்தது. மசாலாப்பொடி விற்கும் நிறுவனம் ஒன்று வாடிக்கையாளர்களிடம் சமையல் குறிப்பும் படமும் கேட்கிறது. தலைப்பு: 'எங்கள் கூட்டு முயற்சியில் இணையுங்கள்'. ஆங்கில மூலத்தில் இருந்தது கிரவுட்சோர்சிங், அதாவது வேலையையோ யோசனையையோ பொதுமக்களிடம் கேட்டு வாங்குவது. இந்த ஆண்டில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றுமில்லை. 2006 ஜூனில் வயர்டு என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழில் ஜெஃப் ஹவ் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையால் பரவியது. கூட்டத்தைக் குறிக்கும் 'கிரவுட்', வேலையை வெளியாரிடம் விடும் 'அவுட்சோர்சிங்', இரண்டையும் ஒட்டவைத்தார்கள். ஒப்பந்தக்காரர் இருந்த இடத்தில் முகம் தெரியாத கூட்டம். அவ்வளவுதான்.

இதில் 'கூட்டு' எங்கிருந்து வந்தது? கூட்டம் வேறு, கூட்டு வேறு. கூட்டுப் பட்டா என்றால் அதில் பெயருள்ள எல்லாருக்கும் நிலத்தில் பாத்தியதை உண்டு. கூட்டு வியாபாரம் என்றால் லாபத்திலும் நட்டத்திலும் பங்கு. அந்தத் துண்டறிக்கையின் அடியிலோ, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், 'அனுப்பும் படைப்புகளின் முழு உரிமையும் நிறுவனத்துக்கே' என்று இருந்தது. நல்ல கூட்டு!

பிரிட்டனில் வாக்கர்ஸ் நிறுவனம் 2008-இல் புதிய சிப்ஸ் சுவைக்கு மக்களிடம் யோசனை கேட்டது. வெல்பவருக்கு 50,000 பவுண்டும் அந்தச் சுவையின் விற்பனையில் 1 சதவீதமும் என்று அறிவித்தது. சரி, அந்த ஒருவரைக் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் சேர்ந்து எதையும் செய்யவில்லை. ஒருவரோடொருவர் போட்டி போட்டார்கள். கூட்டு முயற்சி பார்க்க வேண்டுமென்றால் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். ஒருவர் கட்டுரையைத் தொடங்குகிறார், இன்னொருவர் ஒற்றுப்பிழை திருத்துகிறார், மூன்றாமவர் வந்து தப்பான ஆண்டை மாற்றுகிறார். அந்தக் கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் யார் கை எங்கே பட்டது என்பது வரிவரியாகத் தெரியும்.

'கூட்டமூலம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. 'சோர்ஸ்' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டார்கள். பெறுதல் என்ற வினை தொலைந்துபோனது. தவிர, மூலம் என்றதும் எனக்குச் சுவரில் ஒட்டிய வைத்தியசாலை விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் எழுதுவது 'பொதுத்திரட்டு'. நிதி திரட்டுகிறோம், கையெழுத்து திரட்டுகிறோம். திரட்டுகிறவர் ஒருவர், தருகிறவர் பலர் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. கிரவுட்ஃபண்டிங்குக்கு, அதாவது பலரிடம் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டுவதற்கு, 'திரள்நிதி' வழக்கில் வந்துவிட்டதே என்று 'திரள்திரட்டு' சொல்லிப் பார்த்தேன், நாக்கு புரண்டது.

இதன் உடன்பிறப்பு 'பயனர் உருவாக்கிய உள்ளடக்கம்', ஆங்கிலத்தில் 'யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட்'. அம்மா வைத்த ரசத்தைப் படமெடுத்து அனுப்பும் பெண், தான் உள்ளடக்கம் உருவாக்குவதாகவா நினைக்கிறாள்? 'வாடிக்கையாளர் அனுப்பியவை' என்றால் போதாதா? விளம்பரத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு, எளிதாகச் சொன்னால் கூலி குறைந்துவிடும் என்ற பயம் போல.

துண்டறிக்கைக்குக் கலைச்சொல்லே தேவையில்லை. 'உங்கள் கைப்பக்குவத்தை எழுதி அனுப்புங்கள்' என்று திருத்திக் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தது: 'எங்கள் மாபெரும் கூட்டு முயற்சியில் இணையுங்கள்'.