‘இஷ்யூ’ என்றால் சிக்கல் இல்லை

“செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சிக்கல்களைத் தானியக்கமாக்குவது எப்படி?” திருகோணமலையில் மென்பொருள் வேலை பழகும் பிள்ளைகளின் கையில் இருந்த தமிழாக்கக் குறிப்பொன்றின் தலைப்பு இது. ஜிரா, கிட்ஹப் போன்ற தளங்களில் வேலைகளைப் பதிவது, வகைபிரிப்பது, ஆளுக்கு ஒப்படைப்பது, வாரக் கடைசியில் நிலவரம் தொகுப்பது ஆகியவற்றை ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியிடம் விடலாம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அப்படிப் பதியும் ஒவ்வொரு வேலையையும் ஆங்கிலத்தில் ‘இஷ்யூ’ என்பார்கள். தலைப்பை மட்டும் வாசிக்கிறவருக்கோ, சிக்கல்களை இயந்திரமே தன்பாட்டில் உண்டாக்கிக்கொண்டிருக்க வழி சொல்கிறார்கள் என்றுதான் விளங்கும். ‘இஷ்யூ’ என்று கண்ட இடமெல்லாம் ‘சிக்கல்’ என்று எழுதும் பழக்கம் இந்த அளவுக்கு வந்துவிட்டது. பயிற்சி வகுப்பிலும் கேட்கிறேன், செயலிகளின் தமிழ் முகப்பிலும் காண்கிறேன். இது பிழையான சொல். ஏன் பிழை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வேர். ‘வெளியே போதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வெளியே வருவது எல்லாமே இஷ்யூ: பெற்ற பிள்ளை, அச்சாகி வரும் இதழ், திணைக்களம் வழங்கும் அட்டை, வழக்கில் இரு தரப்புக்கும் இடையே எழும் கேள்வி. ‘தொல்லை’ என்ற பொருள் பேச்சுவழக்கில் பிற்காலத்தில் ஏறியது. நம் நீதிமன்றத் தமிழுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வழக்கில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியை அங்கே ‘எழுவினா’ என்கிறார்கள். எழுகின்ற வினா. வெளியே வருதல் என்ற வேர்ப்பொருளும் நிற்கிறது, நல்லது கெட்டது என்ற சாயமும் இல்லை. மொழிபெயர்ப்பு என்றால் இதுதான்.

மென்பொருளுக்குள் இந்தச் சொல் வந்த கதையையும் பார்க்க வேண்டும். 1998இல் மொசில்லாக்காரர் பக்சில்லா என்ற பதிவுத் தளத்தை வெளியிட்டபோது அதில் பதியும் எல்லாவற்றுக்கும் ‘பக்’, அதாவது பழுது, என்றே பெயர். புது வசதி வேண்டும் என்று கேட்டாலும் அது ‘பக்’ பட்டியலில்தான் ஏறியது. 2002இல் வந்த ஜிரா ‘இஷ்யூ’ என்ற பொதுச்சொல்லை எடுத்து, பழுது அதில் ஒரு வகை, பணி இன்னொரு வகை என்று பிரித்தது. 2025இல் ஜிரா அந்தச் சொல்லையும் விட்டு ‘வேர்க் ஐட்டம்’ என்று மாற்றத் தொடங்கியது. பழுது என்று தொடங்கி, பொதுவான விடயம் என்று வந்து, செய்ய வேண்டிய வேலை என்ற இடத்துக்கு ஆங்கிலமே நகர்ந்துவிட்டது. அதே காலத்தில் தமிழில் ‘சிக்கல்’ என்று எழுதுகிறவர்கள் 1998க்குத் திரும்பிப் போகிறார்கள்.

இனிச் சிக்கல் என்ற சொல்லையே எடுப்போம். அது நல்ல தமிழ்ச்சொல், அதில் எனக்கு மறுப்பு இல்லை. சிக்கு என்பது அதன் அடி. பிடிபட்டு இறுகுவது அது. மாணிக்கவாசகர் ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்றது இந்த இறுக்கத்தைத்தான். தலைமயிர் சிக்காகிறது, நூல் சிக்காகிறது. கரைவலை இழுக்கும் எங்கள் கரையில் வலை சிக்குப்பட்டால் உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள். ஆக, ஒன்றோடொன்று பின்னி, இழுத்தால் வராமல், நுனியைத் தேடி அவிழ்க்க வேண்டியதுதான் சிக்கல்.

இந்தச் சொல்லை ஒரு பதிவுத் தளத்தில் வைத்துப் பாருங்கள். “முகப்பில் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கவும்” என்று ஒருவர் எழுதுகிறார். எது எதோடு சிக்கியிருக்கிறது? “உப்புவெளி விடுதிகளின் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்க்கவும்” என்று ஒருவர் கேட்கிறார். அதில் அவிழ்க்க என்ன இருக்கிறது? கிட்ஹப்பில் ஒரு திட்டத்தின் நிரல்களை வைக்கப் புதிதாக ஒரு களஞ்சியம் திறந்தால், பதிவின் வகையைக் காட்டும் 9 சுட்டிகள் (‘லேபல்’) அதனுடன் வரும். அவற்றில் பழுதைக் குறிப்பது ஒன்று. மற்றவை ஆவணம், மேம்பாடு, கேள்வி, ஏற்கனவே பதிந்தது, உதவி தேவை என்று போகின்றன. புதிதாகச் சேர்கிறவர் முதலில் எடுத்துச் செய்யத் தக்க சிறு வேலையைக் காட்டும் சுட்டியும் அந்த 9இல் ஒன்று. அதைத்தான் ‘நல்ல முதற் சிக்கல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளையை வரவேற்க வைத்த சொல், அந்தப் பிள்ளையைப் பயமுறுத்துகிறது.

இதைவிடப் பெரிய கேடு வினைச்சொல்லில் நடக்கிறது. ஆங்கிலத்தில் இஷ்யூவைத் திறப்பார்கள், மூடுவார்கள். சிக்கலோடு அதைச் சேர்த்தால் ‘திறந்த சிக்கல்கள்’, ‘மூடிய சிக்கல்கள்’ என்று வருகிறது. தமிழில் சிக்கலைத் தீர்க்கலாம், அவிழ்க்கலாம். சிக்கலை மூடினார்கள் என்றால் என்ன பொருள்? மறைத்தார்கள் என்று பொருள். “இந்த மாதம் இத்தனை சிக்கல்களை மூடிவிட்டோம்” என்று ஒரு குழு அறிக்கை எழுதினால், தமிழ் தெரிந்த கணக்காய்வாளர் அதைக் குற்ற ஒப்புதலாகவே வாசிப்பார். எழுதியவர்கள் நேர்மையாக வேலை செய்தவர்கள். அவர்களுடைய உழைப்பையே தலைகீழாகக் காட்டுகிறது அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சொல்.

சிலர் ‘பிரச்சினை’ என்று எழுதுகிறார்கள். வேரில் அது வடமொழிக் ‘கேள்வி’தான், அந்த வகையில் எழுவினாவுக்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் இலங்கையில் இந்தச் சொல்லுக்கு ஏறியிருக்கிற பாரம் எல்லோருக்கும் தெரியும். காணிப் பிரச்சினை, மீள்குடியேற்றப் பிரச்சினை, இனப்பிரச்சினை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊரில், ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதைப் பிரச்சினை என்று பதிய வைக்கக் கூடாது.

‘வழு’ என்பார் உண்டு. அது மிக நல்ல சொல், ஆனால் அதற்குரிய இடம் வேறு. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலே வழு வராமல் காப்பது பற்றித்தான் பேசுகிறது. வழா நிலை, வழுவமைதி என்று நுணுக்கமாகப் பிரித்த மரபு நமக்குண்டு. மென்பொருளில் பழுதைக் குறிக்க, அதாவது ஆங்கிலத்தின் ‘பக்’குக்கு, வழுவைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடையாது என்பேன். ஆனால் இஷ்யூ என்ற பெரிய வட்டத்துக்குள் வழு ஒரு சிறு வட்டம்.

இயந்திர மொழிபெயர்ப்பு செய்கிற குழப்பம் தனி. ‘புதிய இஷ்யூ’வை அது ‘புதிய வெளியீடு’ ஆக்கும். மென்பொருளில் வெளியீடு என்பது பயனர் கைக்குப் போகும் பதிப்பு. பதிவு செய்ததையே வெளியிட்டதாகச் சொன்னால் திட்டத்தின் கதி என்ன? இஷ்யூவை ‘ரிக்கற்’ என்று ஆங்கிலத்தில் அப்படியே சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆஸ்பத்திரியில் ‘நம்பர் துண்டு’ எடுக்கிற நமக்கு அந்த முறை பழக்கமானது. ஆனால் துண்டு என்பது கையிலிருக்கும் தாள். நாம் பெயர் தேடுவது அந்தத் துண்டு சுட்டும் காரியத்துக்கு.

அந்தக் காரியத்துக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. அலுவல்.

“என்ன அலுவலா வந்தனீங்கள், அண்ணை?” “கச்சேரியில ஒரு அலுவல் இருக்கு.” “உங்கட அலுவல் எந்த அளவில நிக்குது?” “அந்த அலுவல் அண்டைக்கே முடிஞ்சுது.” திருகோணமலையில் பிரதேச செயலக வாசலில் பத்து நிமிடம் நின்றால் இந்த நான்கும் காதில் விழும். நான்கையும் அப்படியே பதிவுத் தளத்தில் வையுங்கள்: பதிந்த நோக்கம், பட்டியலில் இருத்தல், நிலவரம், முடிவு. அலுவல் நல்லதாகவும் இருக்கலாம், தொல்லையாகவும் இருக்கலாம். ஒருவர் கவனித்து முடித்துக்கொடுக்க வேண்டியது என்பது மட்டுமே அதன் பொருள். அலுவல் எழும்பும், நிற்கும், இழுபடும், முடியும். அதைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.

தமிழகத்து நண்பர்கள் சிலர், அலுவல் என்றால் அலுவலக வாடை வருகிறதே என்கிறார்கள். அலுவலகம் என்பது அலுவலிலிருந்து வந்த சொல். அலுவல் அதற்குள் அடங்கிப் போய்விடவில்லை. வீட்டு அலுவல், கோயில் அலுவல், கலியாண அலுவல் என்று இங்கே சொல்கிறோம். சொல் மிகப் பரந்தது என்பது இன்னொரு மறுப்பு. பரந்திருப்பதுதான் இங்கே வேண்டும். அலுவலின் வகை என்ன என்ற கட்டத்தில் வழு, கோரிக்கை, கேள்வி, பணி என்று கூர்மையான சொற்களை வைத்துக்கொள்ளலாம். ‘நல்ல முதற் சிக்கல்’ அப்போது ‘தொடக்கத்துக்கு ஏற்ற அலுவல்’ ஆகிவிடும்.

சொல்லில் இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் இப்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். தளங்களில் தன்னியக்கம் முன்பும் இருந்தது. கிட்ஹப்பில் நிரல் மாற்றத்தைப் பதியும்போது ‘ஃபிக்சஸ்’ என்ற சொல்லையும் அலுவலின் எண்ணையும் எழுதினால், அந்த மாற்றம் நிரலின் முதன்மைப் பிரதியான முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் அலுவல் தானே முடிந்ததாகக் குறிக்கப்படும். அது குறித்த ஒரு சொல்லுக்குக் குறித்த ஒரு செயல். செயற்கை நுண்ணறிவை மற்றத் தளங்களோடு இணைக்க 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி போன்ற நெறிமுறைகளுக்குப் பிறகு நிலை வேறு. உரையாடல் உதவியே ஜிராவுக்குள் போய்ப் படிக்கவும் எழுதவும் முடிகிறது. கூட்டக் குறிப்பைக் கொடுத்தால் அதிலிருந்து அலுவல்களைப் பிரித்துப் பதியும், ஒரே விடயம் இருமுறை பதியப்பட்டிருந்தால் காட்டும், நெடுநாள் அசையாமல் கிடப்பதைப் பொறுக்கித் தரும்.

இந்த உதவியிடம் நாம் பேசுவது சொல்லால்தான். “முடியாத சிக்கல்களைத் தொகுத்துத் தா” என்று தமிழில் கேட்டால், அது பழுதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கோரிக்கைகளையும் கேள்விகளையும் விட்டுவிட இடமுண்டு. அப்படிச் செய்தால் பிழை இயந்திரத்தினுடையது அல்ல. சிக்கல் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருளை அது சரியாகவே எடுத்திருக்கிறது. “மூடு” என்ற ஏவல் இன்னும் ஆபத்து. முடித்ததற்கும் மூடு, செய்வதில்லை என்று கைவிட்டதற்கும் மூடு என்றால் வேறுபாடு போய்விடும். ஆங்கிலத்திலேயே இந்தக் குறையைக் கண்டு, 2022இல் கிட்ஹப் இரண்டையும் பிரித்தது. தமிழில் ‘முடி’, ‘கைவிடு’ என்று இரண்டு தெளிவான ஏவல்கள் இருக்க, இரண்டையும் ஒரு மூடிக்குள் போடுவானேன்?

தன்னியக்கம் என்று எழுதுகிறேன், தானியக்கம் என்று எழுதவில்லை. இரண்டும் இலக்கணப்படி சரி. ஆனால் ‘தானியக்க’ என்று தொடங்கும் எழுத்துக் கூட்டம் வாசிப்பவரை முதலில் நெல்லுக்கும் பயறுக்கும் கொண்டுபோய் விட்டுத்தான் திரும்ப அழைத்து வருகிறது. இலங்கை வழக்கில் தன்னியக்கம் நிலைத்திருக்கும்போது அதை விட வேண்டியதில்லை.

‘உதவியாளர்’ என்பதிலும் எனக்குக் கடும் மறுப்பு உண்டு. -ஆளர் என்ற ஈறு மனிதருக்கு உரியது. எழுத்தாளர், தொழிலாளர், முறைப்பாட்டாளர் எல்லோரும் ஆட்கள், பொறுப்பு ஏற்பவர்கள். கோணேசர் கோயிலின் பழைய ஒழுங்கைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு, கோயில் பணிக்குரியவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் என்று பிரித்து இன்ன பணி இன்னாருக்கு என்று வகுத்துச் சொல்கிறது. பணிக்கு நேரே ஆளின் பெயர் நிற்க வேண்டும் என்பது இந்த ஊருக்குப் பழைய அறிவு. அலுவற் பதிவில் ‘ஒப்படைக்கப்பட்டவர்’ என்ற கட்டத்துக்கு நேரே இயந்திரத்தின் பெயரை உதவியாளர் என்று மரியாதைப் பன்மையில் எழுதிவிட்டால், அலுவல் பிழையாகும்போது கேட்க ஆள் இருக்காது. ‘செயற்கை நுண்ணறிவு உதவி’ என்றே சொல்லலாம். உதவி செய்தது அது, பொறுப்பு இன்னாருக்கு என்று பிரித்து எழுத முடியும்.

‘டிராக்கிங்’கைக் ‘கண்காணிப்பு’ என்று எழுதுவதும் நிற்க வேண்டும். தோட்டங்களில் கங்காணியின் கீழ் வேலை செய்த மக்களின் நாடு இது, யுத்த காலத்தில் கண்காணிக்கப்பட்ட கரையும் இது. அலுவல் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு அந்தச் சொல் எதற்கு? ‘தடமறிதல்’ வேட்டைச் சொல். இரண்டும் வேண்டாம். தளத்தை ‘அலுவற் பதிவேடு’ என்றும், செய்கிற வேலையை ‘நிலவரம் பார்த்தல்’ என்றும் சொன்னால் யாருக்கு விளங்காது? வாக்காளர் இடாப்பு, வரவு இடாப்பு என்று இடாப்பும் நம் வழக்கில் இருக்கிறது, ஆனால் அது பெயர்ப்பட்டியலுக்கே ஒதுங்கிவிட்டது. பதிவேட்டில்தான் திகதியும் குறிப்பும் முடிவும் இடம்பெறும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். அகராதியைத் திறந்து முதலில் கிடைக்கும் சொல்லை எடுக்கிறார்கள். அந்தச் சொல் தன்னோடு எந்த வினையைக் கூட்டிக்கொண்டு வரும் என்று பார்ப்பதில்லை. பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றி, வினையை ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்குவதால்தான் ‘சிக்கலை மூடு’ பிறக்கிறது. செயலி முகப்பில் சொற்கள் தனித்தனித் துண்டாகத்தான் மொழிபெயர்ப்பாளருக்கு வந்து சேர்கின்றன என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் துண்டுகளைச் சேர்த்து ஒரு முழு வசனமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதியட்டும். அதற்கு ஒரு நிமிடம்கூடப் போகாது.

‘பேக்லாக்’ என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ‘பின்னடைவு’ என்று எழுதுகிறார்கள், அது தோல்வியைச் சொல்வது. ‘கிடப்பு’ என்றால் யாரோ வேண்டுமென்றே போட்டு வைத்தது போல ஆகும். இன்னும் கை வைக்காமல் வரிசையில் இருக்கும் அலுவல்களுக்கு ‘நிலுவை’ போதும். நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு என்றால் யாரும் அதைத் தோற்ற வழக்கு என்று எடுப்பதில்லை. முறை வந்ததும் எடுப்பார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.