கொகொக்: தமிழில் கூன்மணி

கொரியாவின் சில்லா அரசு விட்டுச்சென்ற பொன்முடிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு, மினுங்கும் தகடுகளுக்கு இடையே முந்திரிப்பருப்பு போல வளைந்து தொங்கும் பச்சைக் கற்கள் நினைவிருக்கும். அவற்றின் பெயர்தான் கொகொக். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

சீன எழுத்து வழியாக வந்த சொல் இது. ‘கொக்’ வளைவு, ‘ஒக்’ ஜேட் முதலான மணிக்கல். முதற்சொல்லின் ஈற்று மெய்மேல் அடுத்த உயிர் ஏறிக் ‘கொகொக்’ ஆகிறது, நம் புணர்ச்சியைப் போலவே. ஆகவே ‘கொக்-ஒக்’ என்று பிரித்து எழுதினால் ஒலி கெடும். ‘வளைந்த’ என்பதற்குத் தங்கள் சொந்தச் சொல்லையே வைத்து ‘குபுனொக்’ என்றும் கொரியர் வழங்குகிறார்கள். ஜப்பானிய மகதாமாவும் இதே வடிவம், இதே பொருள்.

தலை தடித்திருக்கும், வால் ஒடுங்கும், துளை தலையில் இருக்கும். சிலவற்றில் தலைக்குப் பொன்குல்லா உண்டு. ஜேட் வகைகளில் ஒன்றான ஜேடைட்டின் கடினம், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை; செதுக்கி வேலை செய்ய முடியாது, தேய்த்துத்தான் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபுறம் கருவி வெளிவரும் இடத்தில் விளிம்பு பெயர்ந்துவிடும். முடியில் தொங்கவிடத் தகட்டில் துளையிட்டு, பொற்கம்பியைக் கல்லின் துளைவழி கோத்து முறுக்குவார்கள்.

சில்லாவின் தலைநகரான கியோங்ஜுவில் 1973இல் அகழப்பட்ட சொன்மாசோங் கல்லறையின் முடியில் 58 கொகொக். அங்கேயே, வடக்கும் தெற்குமாக இரட்டை மேடு கொண்ட ஹ்வாங்னாம் பெருங்கல்லறையின் வடமேட்டு முடியில் 77. அந்த மேட்டில் கிடைத்த இடைவார் அணியில் ‘சீமாட்டியின் வார்’ என்ற பொறிப்பு இருக்கிறது. அது ஒரு பெண்ணின் கல்லறை. ஆண் புதைக்கப்பட்ட தென்மேட்டில் கிடைத்ததோ பொன்முலாம் பூசிய வெண்கல முடி. கும்நியோங்சோங் என்ற இன்னொரு சில்லாக் கல்லறையின் பொன்முடியில் கொகொக் ஒன்றுகூட இல்லை. சில்லாவுக்குப் பல நூற்றாண்டு முந்திய சொங்குக்ரி கற்பெட்டிக் கல்லறையிலும் அமசோனைட் என்ற பச்சைக்கல்லில் செய்த கொகொக் கிடைத்திருக்கிறது. கொகொக் அரசமுடிக்கு மட்டும் உரியதன்று; எனவே ‘அரசமணி’ என்று தமிழில் பெயர்ப்பது பிழை.

‘மரகதம்’ வேறு கல், அதுவும் ஆகாது. ‘பிறைமணி’ அழகான சொல்தான். ஆனால் பிறைக்கு இரு முனையும் ஒன்றுபோல் கூர்மை, கொகொக்குக்கு அப்படி இல்லை. ‘வளைமணி’ என்றால் கைவளை குறுக்கிடும். ‘கூன்மணி’ பொருந்துகிறது: கூன் வளைவைச் சொல்கிறது, மணி கல்லையும் கோக்கும் மணியையும் ஒருசேரச் சொல்கிறது. முதல் முறை எழுதும்போது ‘கூன்மணி (கொகொக்)’ என்று தந்துவிட்டு, பிறகு கூன்மணி என்றே எழுதலாம்.