டேனிஷ்காரர்கள் தொலைத்த ககரம்

டென்மார்க் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட்டை ‘டாக்ஃபாட்’ என்கிறார்களாம். ஆங்கிலத்தில் அதே விளையாட்டு ‘டாக்’. ஒன்றிலிருந்து மற்றது வந்ததுதானே என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

அப்படிச் சொல்லச் சான்று இல்லை. ஒலி ஒத்துப்போனால் சொந்தம் என்று முடிவு கட்டுவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. நம் ஊரிலும் அந்தப் பழக்கம் அதிகம்.

டேனிஷில் ‘டாக்’ என்றால் எடு, ‘ஃபாட்’ என்றால் பிடி. இரண்டும் சேர்ந்தால் ‘பிடிச்சுக்கோ!’ நம்முடைய ‘ஓடிப்பிடித்து’ வினையெச்சம், அவர்களுடையது ஏவல். தொட்டதும் ‘டூ எர் டென்!’, அதாவது ‘நீதான் அது!’ என்று கத்திவிட்டு ஓடுவார்கள். சரி, பெயரின் கதை அவ்வளவுதான். எனக்குப் பிடித்த விஷயம் அந்த டேனிஷ் ‘டாக்’கின் கடைசி எழுத்தில் இருக்கிறது.

டேனிஷின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் அந்த வினை ‘டாக்கா’, அழுத்தமான ககரத்தோடு. உயிரொலிக்குக் குரல்நாண்கள் அதிர வேண்டும். வல்லின ககரத்துக்கு அதிர்வை நிறுத்தி, அடுத்த உயிருக்கு மறுபடி தொடங்க வேண்டும். வேகப் பேச்சில் யாருக்குப் பொறுமை? அதிர்வு நிற்காமலே ஓடியது. ககரம் ‘பகல்’ என்பதில் வருவதுபோல் மெலிந்தது. இடைக்கால டேனிஷில் உயிரை அடுத்து வந்த க, ட, ப மூன்றுக்கும் இதே கதி. அப்புறம் நாக்கு அண்ணத்தைத் தொடுவதையும் விட்டுவிட்டது. இன்று எழுத்தில் ககரம் இருக்க, வாயில் வருவது கிட்டத்தட்ட ‘டே’ மட்டும். அகப்பை நம் வீடுகளில் ஆப்பை ஆனதும் இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், ககரம் மெலியும் முன்பே, நார்ஸ் பேசிய வைக்கிங்குகள் ‘டாக்கா’வை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆங்கிலத்தின் ‘டேக்’ (எடு) அதுதான். சொந்த ஊரில் தொலைந்த ககரம் குடியேறிய ஊரில் பத்திரமாக இருக்கிறது. விளையாட்டைக் குறித்த ‘லெய்க்கா’வும் அப்படியே: வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் அது ‘லேக்’, டென்மார்க்கில் ‘லை’.

சொல்லின் முதலில் நிற்கும் ககரத்துக்கு இந்த ஆபத்து இல்லை. 1934இல் பில்லுண்டு ஊர்த் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், ‘நன்றாக விளையாடு’ எனப் பொருள்படும் ‘லை கொட்’டை (எழுத்தில் ‘லெக் கொட்’) எழுத்துப்படி சுருக்கித் தன் பொம்மைகளுக்கு ‘லெகோ’ என்று பெயர் வைத்தார். அதில் ஒலிக்கும் ககரம் ‘கொட்’டின் முதலெழுத்து.