பரிசு ஆஸ்லோவில், சண்டை கோத்தகிரியில்

நோபல் அமைதிப் பரிசை நார்வே நேரப்படி காலை 11 மணிக்கு அறிவிப்பார்கள். நமக்கு அப்போது பிற்பகல் 2.30. கோத்தகிரிப் பக்கம் அது, பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டி எடைக் கொட்டகையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருக்கும் நேரம். கைக்கு வேலை இல்லை, வாய் சும்மா இருக்காது. 2009 அக்டோபர் 9 அன்று பராக் ஒபாமாவுக்குப் பரிசு என்று செய்தி வந்தபோது அப்படியொரு கொட்டகையில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

“பதவிக்கு வந்து ஒன்பது மாசம்கூட ஆகலைண்ணே. அதுக்குள்ள எந்தப் போரை நிறுத்திட்டார்?”

“நிறுத்தினதுக்கு இல்லப்பா. நிறுத்தட்டும்னு குடுத்திருக்காங்க.”

உலகம் முழுக்க நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதிய விவாதமும் ஏறக்குறைய இவ்வளவுதான். கவனித்தால், இருவருக்கும் தகவலில் கருத்து வேறுபாடே இல்லை. ஒபாமா பதவியேற்றது ஜனவரி 20 என்பதும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தது என்பதும் இருவருக்கும் தெரியும். தகவல் ஒன்றாக இருந்தும் சண்டை வருவது எப்படி? பாதிக் காரணம் பரிசின் அமைப்பிலேயே இருக்கிறது. மீதி, நம் மண்டைக்குள்.

முதலில் பரிசு. ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில், நாடுகளுக்கிடையே சகோதரத்துவம் வளர்த்தவர், நிரந்தரப் படைகளை ஒழிக்கவோ குறைக்கவோ உழைத்தவர், அமைதி மாநாடுகளை நடத்தியவர் என்று தகுதிகளைச் சொல்லியிருக்கிறார். அதுவும் முந்தைய ஆண்டில் செய்ததற்கு. உயிலை எழுத்துக்கு எழுத்து படித்தால் முடிந்த வேலைக்குக் கூலி. ஆனால் தேர்வு செய்யும் ஐந்து பேர் கொண்ட குழு, பல ஆண்டுகளில், நடந்துகொண்டிருக்கும் முயற்சிக்கு ஊக்கமாகவும் பரிசைக் கொடுத்திருக்கிறது. ஒபாமாவுக்குக் கொடுத்தபோது சர்வதேச ராஜதந்திரத்தை வலுப்படுத்த அவர் எடுத்த முயற்சிகளையும், அணு ஆயுதமற்ற உலகம் என்ற அவரது நோக்கையும்தான் காரணமாகச் சொன்னார்கள். ஒரே பரிசுக்கு இரண்டு அளவுகோல். நமக்குப் பிடித்தவர் என்றால் ஒன்றை எடுப்போம், பிடிக்காதவர் என்றால் மற்றதை எடுப்போம்.

பரிந்துரை விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. எந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரும் பெயர் அனுப்பலாம்; நம் நீலகிரித் தொகுதி எம்.பி. நினைத்தால் அவரும் அனுப்பலாம். 1939இல் ஸ்வீடன் உறுப்பினர் ஒருவர் கேலிக்காக ஹிட்லரின் பெயரை அனுப்பிவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனால் ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று போஸ்டர் ஒட்டினால் அதற்குப் பெரிய பொருள் கிடையாது. (காந்தி ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை.) ஒபாமா விஷயத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டது, பரிந்துரைக்கான கெடு முடிந்தபோது அவர் பதவியில் இருந்தது 12 நாள் மட்டுமே என்பதை. சரிதான். ஆனால் குழு முடிவெடுத்தது அந்த 12 நாளை வைத்து அல்ல. அலசல் அக்டோபர் வரை நடக்கிறது. அதற்குள் ஏப்ரலில் பிராகாவில் அணு ஆயுதம் பற்றியும், ஜூனில் கெய்ரோவில் முஸ்லிம் உலகை நோக்கியும் அவர் பேசியிருந்தார். அவையும் பேச்சுத்தானே என்று கேட்டால், அது வேறு கேள்வி, நல்ல கேள்வியும்கூட.

கொடுத்த பரிசைத் திரும்பப் பெற விதிகளில் வழியில்லை. எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது 2019இல் எரித்ரியாவுடனான பகையை முடித்ததற்காகப் பரிசு பெற்றார். 2020 நவம்பரில் அவர் நாட்டின் திக்ரே பகுதியில் போர் மூண்டது. ஒபாமாவே விழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்துவிட்டுத்தான் ஆஸ்லோவுக்குப் போனார். ஊக்கப் பரிசு என்பது பந்தயம் கட்டுவது மாதிரி ஆகிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். பதவியில் இருக்கும் அரசியல்வாதிமேல் கட்டினால் ஆபத்து இன்னும் கூடுதல்.

இனி மண்டைக்குள். 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களையும் எதிர்க்கும் 24 மாணவர்களையும் அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது ஒன்று, குறைக்கவில்லை என்றது மற்றொன்று. இரண்டுமே ஆய்வாளர்கள் இட்டுக்கட்டியவை. எந்த ஆய்வு முறை எந்த முடிவோடு வரும் என்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார்கள். தன் கட்சிக்குச் சாதகமான ஆய்வை ஒவ்வொருவரும் நல்ல ஆய்வு என்றார்கள், எதிரானதில் ஓட்டை தேடிக் கண்டுபிடித்தார்கள். இரு தரப்பையும் படித்தால் நடுவுக்கு வருவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? தங்கள் பழைய நிலைப்பாடு இன்னும் உறுதியாகிவிட்டது என்றே அவர்கள் சொன்னார்கள்.

மழை நாளில் பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். ஒருவர் மூட்டைக்கு ஒரு கிலோ, இன்னொருவர் மூட்டைக்கு நாலு கிலோ என்று கழித்தால் என்ன ஆகும்? தராசு பொய் சொல்லவில்லை, கழிவுதான் ஆளுக்குத் தகுந்தபடி மாறுகிறது. மனம் செய்வது இதைத்தான். பிடிக்காத தகவலை அது மறுப்பதில்லை, அதற்குக் கழிவைக் கூட்டிவிடுகிறது.

இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மையானது. 2003இல் ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட ஆய்வில் ஒரு நலத்திட்டத்தை அமெரிக்க மாணவர்களிடம் காட்டி, உங்கள் கட்சி இதை ஆதரிக்கிறது என்றோ எதிர்க்கிறது என்றோ சொன்னார்கள். தாராளமான திட்டமா, கறாரான திட்டமா என்பதைவிடக் கட்சியின் பெயரே முடிவைத் தீர்மானித்தது. ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டால், திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் என்றார்கள். மற்றவர்கள் வேண்டுமானால் கட்சியைப் பார்த்து மயங்குவார்கள் என்றும் சொன்னார்கள்!

சரி, கோத்தகிரிக்காரருக்கு அமெரிக்கக் கட்சிகளோடு என்ன உறவு? உறவு இல்லைதான். ஆனால் அளவுகோல் காலியாக இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறொரு அனுபவம் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. 2009 அக்டோபர் என்பது முள்ளிவாய்க்கால் முடிந்து ஐந்தாவது மாதம். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி எங்கும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஒருவர், உலகத் தலைவர்கள் அமைதி என்று பேசுவதை எந்தக் காதால் கேட்டிருப்பார்?

அந்தக் குடும்பங்களின் கதையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இப்போது ஒரு கற்பனை: அந்த இரண்டு பிரதமர்களுக்கும் அமைதிப் பரிசு கொடுத்திருந்தால்? துப்பாக்கிச் சூடு இல்லாமல் இரு நாடுகள் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டன, நோபல் உயிலின் சகோதரத்துவம் இதுதான் என்று டெல்லியில் ஒருவர் சொல்லலாம். அண்ணன் கண்டியிலும் தம்பி கூடலூரிலுமாகப் பிரிந்த குடும்பத்தில் போய் அதைச் சொல்ல முடியாது. எனக்குக் குடும்பத்தின் பக்கம்தான் சாய்வு, ஆனால் அந்த டெல்லிக்காரர் முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், கூட்டமாகப் பேசும்போது இந்தச் சாய்வு பெருகும். 1969இல் செர்ஜ் மொஸ்கோவிசியும் மரிசா சவல்லோனியும் பிரெஞ்சு மாணவர்களிடம் அதிபர் சார்லஸ் டிகால் பற்றியும் அமெரிக்கர்கள் பற்றியும் கருத்துக் கேட்டார்கள். டிகால்மேல் ஓரளவு நல்ல எண்ணம், அமெரிக்கர்கள்மேல் ஓரளவு கசப்பு. குழுவாக உட்கார வைத்துப் பேசவிட்டு மறுபடி கேட்டால், நல்ல எண்ணமும் கூடியிருந்தது, கசப்பும் கூடியிருந்தது. காரணம் இரண்டு சொல்கிறார்கள். ஒரே கருத்துக்காரர்கள் கூடினால் ஒருவருக்குத் தெரியாத வாதத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிறார். கூடவே, நம் ஆட்களுக்குள் நாம் பின்தங்கித் தெரியக்கூடாது என்று ஒவ்வொருவரும் ஒரு படி மேலே பேசுகிறார்கள். லாரி தாமதமானால் கொட்டகையிலும் இதே கதைதான்.

தேர்வுக் குழுவும் இதற்கு விலக்கில்லை. அதன் ஐந்து உறுப்பினர்களையும் நார்வே நாடாளுமன்றம்தான், கட்சிகளின் பலத்தை ஒட்டி, நியமிக்கிறது. 1973இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கும் வியட்நாமின் லெ டுக் தோவுக்கும் பரிசு அறிவித்தபோது குழுவிலேயே இரண்டு பேர் விலகினார்கள். தோ பரிசை ஏற்க மறுத்தார். குழுவின் ஆவணங்களுக்கு 50 ஆண்டு ரகசியம் உண்டு. 2023இல் அந்த ஆண்டின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, அந்த இருவரையும் பரிந்துரைத்தவர் குழு உறுப்பினர்களில் ஒருவரே என்றும், வியட்நாம் போரை நிறுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டே நாளில் அவர் கடிதம் எழுதிவிட்டார் என்றும் தெரியவந்தது. ஒபாமாவின் கோப்புகளைப் படிக்க 2059 வரை பொறுக்க வேண்டும்.