மானியம்: உரத்துக்குச் சரி, பயிற்சிக்கு?

திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிற, எனக்குத் தங்கை முறையான ஒருத்தி, ஒரு சுற்றறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ‘சுகாதார ஆளணி மேம்பாட்டுக்கான பிராந்திய ஒத்துழைப்பு மானியம்’ என்று தலைப்பு. அதன் கீழே அவளுடைய கேள்வி: “அண்ணா, இது திருப்பிக் கட்டுற காசோ? இல்லாட்டி உர மானியம் மாதிரி எல்லாருக்கும் குடுப்பினமோ?”

இரண்டும் இல்லை. அயல்நாடுகள் சில தங்கள் அரச நிதியிலிருந்து பணம் போட்டு, தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் போன்றவர்களை ஒருவர் நாட்டில் மற்றவர் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. குறித்த வேலைக்கு, குறித்த காலத்துக்கு, கணக்குக் காட்ட வேண்டிய பணம். ஆங்கிலத்தில் கிராண்ட் என்பார்கள். படித்த, பத்து வருட அனுபவம் உள்ள ஒருத்திக்கே தலைப்பு விளங்கவில்லை என்றால், குறை அவளிடம் இல்லை, சொல்லிடம் இருக்கிறது.

‘மானியம்’ வடமொழி ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. மதிக்கத்தக்கது, மரியாதைக்கு உரியது என்று பொருள். மானம், சன்மானம், வெகுமானம் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். மரியாதை எப்படிப் பணமானது? நிலத்தின் வழியாக. கோயிலுக்கோ, புலவருக்கோ, ஊருக்கு ஊழியம் செய்கிறவருக்கோ வரி இல்லாமல், அல்லது குறைந்த வரியில் நிலம் விடுவது தென்னாட்டு வழக்கம். அந்த நிலத்துக்கு மானியம் என்று பெயர். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. இதற்கு நேரான பழைய தமிழ்ச்சொல் ‘இறையிலி’. இறை என்றால் வரி. இறை இல்லாதது இறையிலி.

இந்த வழக்கம் நமக்குத் தூரத்துக் கதை அல்ல. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, திருக்கோணமலை மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரையில், அதாவது இராஜராஜப் பெரும்பள்ளியில், விளக்கெரிக்கப் பசுக்களும் காசும் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவத்துக்கும் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையில், அதாவது வைத்தியசாலையில், 15 நோயாளிகளுக்கு இடம். ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்கிறவர், மருந்து கொண்டு வருகிறவர்கள், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று எழுதியிருக்கிறது. இன்றைய கந்தோர் மொழியில் சொன்னால், ஒரு வைத்தியசாலையின் ஆளணிப் பட்டியல் சம்பளத்தோடு கல்லில் இருக்கிறது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் அந்த ஏற்பாடுகள் என்றென்றைக்கும் என்று செய்யப்பட்டவை. வருடம்தோறும் விளைகிற நெல் வருடம்தோறும் கூலியாகும். மானியம் என்ற சொல்லுக்குள் இந்த நிலைத்த தன்மை ஊறிப்போயிருக்கிறது. இன்றைய வழக்கிலும் அதே நிழல்தான். கந்தளாய் விவசாயிக்கு உர மானியம், கடற்றொழிலாளிக்கு எரிபொருள் மானியம். விலையின் ஒரு பங்கை அரசு தாங்கிக்கொள்கிறது. அடுத்த போகத்துக்கும் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்ப்பது நியாயமும்கூட. வரியை விட்டுக்கொடுத்துச் சுமையைக் குறைப்பதுதானே மானியத்தின் பழைய வேலை? ஆகவே அந்தப் பொருளுக்கு மானியம் பொருத்தமான சொல். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

சிக்கல், கிராண்டுக்கும் அதே சொல்லைப் போடுவதில்தான். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வந்தது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு என்றே சொல்லிப் பழகிவிட்டது. வேறு அரச ஆவணங்களில் கொடை, நன்கொடை என்றும் வரும். ஒரே பொருளுக்கு மூன்று சொல், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

நன்கொடை இதற்குப் பொருந்தாது. கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பது நன்கொடை. கொடுத்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்க மாட்டார். கொடையும் அப்படித்தான், கணக்குப் பாராமல் கொடுத்த வள்ளல்களின் சொல். கிராண்ட் என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனுக்குப் போகிறது. அங்கே அது நம்புதல் என்ற வினை. வாக்குக் கொடுத்தல், உறுதி செய்தல் என்ற பொருளில் வளர்ந்து பிறகு வழங்குதல் ஆனது. நம்பிக்கையின் பேரில், வாக்கின் பேரில் தரப்படும் பணம்.

என் தெரிவு ‘நல்கை’. நல்கு என்ற வினையிலிருந்து பிறந்தது. கொடுத்தல், அருளுதல், அன்பு காட்டல் மூன்றும் அதில் உண்டு. மேகம் நீரை எடுத்துத் திரும்ப ‘நல்காதாகி விடின்’ நெடுங்கடலும் தன் தன்மையில் குன்றும் என்று குறள் சொல்கிறது. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. நல்கைக்குள் கணக்கும் காலக்கெடுவும் இயல்பாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது இன்னும் வேறு எந்தத் திட்டத்துக்கும் ஒட்டிக்கொள்ளாத சொல். தமிழ்நாட்டு ஆய்வாளர்களில் பலர் ‘ஆய்வு நல்கை’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள்.

நல்கை எப்படி இருக்கும் என்பதற்கு நம் கொழும்பின் பெயரைத் தாங்கிய உதாரணமே இருக்கிறது. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் உருவாகி, 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது கொழும்புத் திட்டம். அதன் கீழ் நியூசிலாந்து அரசு கொடுத்த பணத்தின் துணையோடுதான் டெல்லியில் எய்ம்ஸ் என்ற மருத்துவக் கல்வி நிறுவனம் எழுந்தது. 1952இல் அடிக்கல், 1956இல் சட்டம். ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம் இன்னொரு நாட்டில் மருத்துவர்களை உருவாக்கியது. நியூசிலாந்து கொடுத்தது நிறுவனத்தை எழுப்பத் துணைநின்ற பணம். அதற்குப் பிறகு சம்பளம் போடுவது இந்திய அரசின் பொறுப்பு.

சுற்றறிக்கைத் தலைப்பில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘பிராந்தியம்’ என்றால் திருமலைக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை. அவள்கூட, மட்டக்களப்போடும் கல்முனையோடும் ஏதோ ஒத்துழைப்பு என்றே நினைத்திருக்கிறாள். உலக சுகாதார நிறுவனமோ இலங்கை உள்ளிட்ட பல நாடுகளைச் சேர்த்துத் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் என்கிறது. நாடுகளைக் குறிக்கும்போது ‘அயல்நாடுகள்’ என்று எழுதிவிட்டால் போதும்.

‘ஆளணி’ மட்டும் அப்படியே இருக்கட்டும். கேடர், அதாவது ஒரு நிறுவனத்துக்கு ஒப்புதல் பெற்ற பணியிடங்கள், என்பதற்கு இலங்கைத் தமிழ் கண்டெடுத்த அழகான சொல் அது. ஆள், அணி இரண்டும் நம் சொற்கள். அணி என்றாலே ஒழுங்காக நிற்கும் வரிசை. அந்த வரிசையில் ஓர் இடம் கூட வேண்டுமென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஒப்புதல் தர வேண்டும். நல்கைப் பணத்தில் பயிற்சி பெறலாம், ஆனால் அந்தப் பணம் ஆளணியில் இடம் வாங்கித் தராது. மானியம் என்ற தலைப்பு மறைத்துவிடுவது இதைத்தான்.

தலைப்பை இப்படி மாற்றி அவளுக்கு அனுப்பினேன்: ‘சுகாதார ஆளணிப் பயிற்சிக்கு அயல்நாடுகள் சேர்ந்து வழங்கும் நல்கை. காலம் 3 ஆண்டு. திருப்பிச் செலுத்தத் தேவையில்லை.’

உடனே பதில் வந்தது. “சரி அண்ணா, இப்ப விளங்குது. அப்ப மூண்டு வருசம் முடிஞ்சு வந்தா எனக்கு எந்த இடம்?”

விண்ணப்பத்தோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.